சிசுவின் எலும்பு கூறும் நாட்கணக்கு

பலெர்மோ நகரத்து மத்திய ரயில் நிலையத்தின் அருகே தொடங்கி நேர்கோடாக ஓடும் வியா மக்வேதா என்னும் வீதி, ஸ்பானிய மன்னரின் பிரதிநிதியாகச் சிசிலித் தீவை ஆண்ட மக்வேதா கோமகனின் கட்டளையால், 1600 ஆம் ஆண்டில், பழைய நகரின் நெருக்கமான சந்துகளை ஊடறுத்துத் திறக்கப்பட்டது. இன்று மாலை வேளைகளில் அவ்வீதியில் நடப்பவர் செவியில் இத்தாலிய மொழிக்கு நடுவே யாழ்ப்பாணத்துத் தமிழும் விழும். நகருக்கு வெளியே பெல்லெக்ரீனோ மலை மேல் உள்ள சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு ஏறிச்செல்லும் பக்தர்களிலும் நம்மவர் தொகை சிறிதன்று. வீதியின் நடுவே, நான்கு மூலைகளிலும் சிலைகள் நிறைந்த குவாத்ரோ கான்தி என்னும் நாற்சந்தியை ஒட்டி, தெயாத்தினித் துறவிகளின் பழைய மடம் நிற்கிறது; அம்மடத்தில் இப்போது பலெர்மோ சர்வகலாசாலையின் சட்டத்துறை இயங்குகிறது. அந்த வாயிலைக் கடக்கும்போதெல்லாம், சட்டத்தையும் சரீர சாஸ்திரத்தையும் ஒருங்கே சார்ந்த ஒரு கடினமான கேள்வி, இவ்வீதி பிறந்த காலத்திலேயே இந்நகரில் விதைக்கப்பட்டுவிட்டது என்னும் எண்ணம் எனக்கு எழுவதுண்டு.

வீதி திறக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் சென்றபின், 1602 இல், ஃபோர்த்துனாத்தோ ஃபெதேலே என்னும் சிசிலிய மருத்துவர், மருத்துவர்கள் நியாயஸ்தலத்துக்கு எழுதிக்கொடுக்கும் அறிக்கைகளைப் பற்றி நான்கு பாகங்களில் ஒரு லத்தீன் நூலைப் பலெர்மோவில் வெளியிட்டார். ஐரோப்பாவில் சட்ட வைத்தியத்தை ஒரு முழுச் சாஸ்திரமாக எடுத்துரைத்த முதல் நூல் என்று வரலாற்றாசிரியர் பலர் அதனைக் கொள்வர். அடுத்த ஆண்டிலேயே இந்நகரில் மற்றொரு நூல் அச்சேறியது: காதினுள் இருக்கும் அங்கவடி எலும்பைக் கண்டவரும், சிசிலி முழுமைக்கும் தலைமை மருத்துவராக விளங்கி 1580 இல் காலமானவருமான ஜொவான்னி ஃபிலிப்போ இன்கிராசியா, எலும்புகளைப் பற்றிக் காலென் எழுதிய பழைய நூலுக்கு இயற்றிய விரிவுரை அது. எலும்பைப் பற்றிய நூலும், எலும்பைக் கண்டு சாட்சி சொல்வோரின் கடமையைப் பற்றிய நூலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே ஊரில் பிறந்தமை தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி அவ்விரண்டு நூல்களும் சந்திக்கும் இடத்திலேதான் நிற்கிறது.

ஓராண்டு நிரம்பாத ஒரு சிசு இறந்துவிடுகிறது. உடலின் மேல் காயம் இல்லை, அல்லது மிகச் சிறிதே உண்டு. பிரேத பரிசோதனையில் விலா எலும்புகள் சிலவும், தொடையெலும்பின் நுனியும் முறிந்திருக்கக் காணப்படுகின்றன. எவ்வாறு முறிந்தது என்று கேட்பவர், எப்போது முறிந்தது என்பதையும் உடனே கேட்கிறார். ஏனெனில், தவழவும் அறியாத குழந்தை தானே எலும்பை முறித்துக்கொள்வது அரிது. அதன் ஒவ்வொரு நாழிகையும் யாரோ ஒருவருடைய மடியில், யாரோ ஒருவருடைய பொறுப்பில் கழிகிறது. செவ்வாய்க்கிழமை பகலில் தாயிடமும், இரவில் தந்தையிடமும், புதன்கிழமை காலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணிடமும் இருந்த சிசுவின் விலா முறிந்த வேளை தெரிந்தால், ஒருவரை நோக்கிச் சந்தேகம் திரும்பும். மற்ற இருவர் மீதிருந்த சந்தேகம் நீங்கும். வேளை தவறாகக் குறிக்கப்பட்டாலோ, குற்றமற்றவர் சிறைக்குப் போவதோடு, அவ்வீட்டில் எஞ்சியிருக்கும் குழந்தை மீண்டும் அதே கைகளில் ஒப்படைக்கப்படும்.

நம் வீடுகளில் கைக்குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழுதால், தூக்கத் தூக்க அழுகை கூடினால், உரம் விழுந்துவிட்டது என்று பாட்டிமார் சொல்வார்கள். குழந்தையைச் சேலையில் இட்டு மெல்ல அசைத்து உரம் எடுப்பார்கள். பெரும்பாலும் அழுகை அடங்கிவிடும். அவ்வழுகைகளுள் எத்தனை தசைப்பிடிப்பால் வந்தவை, எத்தனை காறையெலும்பில் ஓடிய சிறு முறிவால் வந்தவை என்பதைப் பாட்டியும் அறியாள், குழந்தையும் சொல்லாது. யாழ்ப்பாணத்து முறிவு நெரிவு வைத்தியர் தம் விரல் நுனியால் தடவி, முறிந்த இடத்தில் ஒரு மேடு திரண்டிருப்பதைக் கொண்டு எலும்பு கூடிவருவதை அறிவார். அந்த மேட்டைத்தான் நவீன மருத்துவர் காலஸ் என்பர். நாம் ஒட்டுத்திரள் எனலாம். அவர் விரலால் அறிந்ததை நுண்ணோக்கியின் கீழ் நாள் நாளாகப் பிரித்து அறிய முயல்வதே இக்கட்டுரையின் பொருளாகிய திசுப் பரிசோதனை.

குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே துன்புறுத்தப்படுகின்றனர் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளவே வெகுகாலம் ஆயிற்று. 1860 இல் பாரிஸ் நகரத்துச் சட்ட வைத்தியப் பேராசிரியர் அம்ப்ருவாஸ் தார்தியே, அவ்வாறு துன்புற்ற 32 குழந்தைகளின் நிலையை விவரித்து எழுதினார், கேட்பார் இல்லை. 1946 இல் நியூயார்க்கில் ஜான் காஃபி என்னும் எக்ஸ்-கதிர் நிபுணர், மூளையைச் சுற்றி இரத்தம் கட்டியிருந்த ஆறு சிசுக்களின் கைகால் எலும்புகளில் 23 முறிவுகளைக் கண்டு வெளியிட்டார். அம்முறிவுகள் ஒரே நாளில் நேர்ந்தவை அல்ல என்பதும், ஒவ்வொன்றும் ஆறுதலின் வெவ்வேறு படியில் நின்றது என்பதுமே அவர் கண்டவற்றுள் பெரியது எனக் கருதுகிறேன். ஒரு விபத்து ஒரு குடும்பத்தில் ஒருமுறை நேரலாம்; வெவ்வேறு வாரங்களில் வெவ்வேறு முறிவுகள் என்றால் விபத்து என்னும் விளக்கம் தளர்ந்துபோகிறது. காஃபி அங்கேயும் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டாமல் நின்றுகொண்டார். டென்வர் நகரத்து ஹென்ரி கெம்பேயும் அவருடைய துணைவர்களும் 1962 இல், அடிபட்ட குழந்தையின் நோய்த்தொகுதி என்று அதற்கு ஒரு பெயரே சூட்டி எழுதிய பிறகுதான், அமெரிக்காவில் ஒவ்வொரு மாகாணமாகச் சட்டம் இயற்றப்பட்டது. காலநிர்ணயம் என்னும் பிரச்சினை, ஆகவே, இத்துறையின் பிற்காலக் கிளையன்று. துறை பிறந்ததே அதனை ஆதாரமாகக் கொண்டுதான்.

எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கொண்டு முறிவின் வயதை மதிப்பிடுவது முதலில் வழக்கத்துக்கு வந்தது. எலும்பைச் சுற்றிய உறையின் கீழ்ப் புதிய எலும்பின் மெல்லிய கோடு, மிக விரைந்து தோன்றினால் நான்காம் நாளிலும், பொதுவாக 10 முதல் 14 நாட்களிலும் தென்படும் என்றும், கடின ஒட்டுத்திரள் மூன்றாம் வாரத்திலிருந்து உருப்பெறும் என்றும் 1987 இல் ஓ'கானர், கோஹென் என்னும் இருவர் ஓர் அட்டவணை வகுத்தனர். நியாயஸ்தலங்களில் நெடுங்காலம் அதுவே பிரமாணமாக இருந்தது. அந்த அட்டவணை பெரும்பாலும் அநுபவத்தின் வழியே வந்தது. 2005 இல் பிரிட்டனைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சிக் குழு, குழந்தைகளின் முறிவு வயது பற்றிய வெளியீடுகளை எல்லாம் சலித்துப் பார்த்தபோது, நம்பத்தக்க முறையில் செய்யப்பட்டவையாக மூன்றே மூன்று ஆய்வுகள் எஞ்சின; அவற்றிலும் சிசுக்கள் சிலரே. படத்தால் நாளைக் குறிப்பது துல்லியமான சாஸ்திரம் ஆகாது, அண்மையதா பழையதா என்று சொல்லலாம், வாரக் கணக்கில் மதிப்பிடலாம், அதற்குமேல் போகலாகாது என்பதே அவர்களுடைய முடிவு.

படத்துக்குள்ள மற்றொரு குறை, அது புதிய விலா முறிவைப் பெரும்பாலும் காட்டாமலே விட்டுவிடுவது. விலகாமல் நிற்கும் மயிரிழை போன்ற முறிவு, ஒட்டுத்திரள் திரண்ட பின்னரே படத்தில் தலைகாட்டும். உயிரோடிருக்கும் குழந்தைக்குச் சந்தேகத்தின் பேரில் முதலில் எடுத்த எலும்புக்கூட்டுப் படத்தை 11 முதல் 14 நாட்களுக்குள் மீண்டும் எடுக்கவேண்டும் என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் விதித்திருப்பது இக்காரணத்தால்தான். இறந்த குழந்தைக்கு அந்த இரண்டாம் வாரம் கிடையாது. இதே பலெர்மோவில், கபுச்சின் துறவிகளின் நிலவறைகளில் உலர்ந்து நிற்கும் குழந்தை உடல்களுள் 41 ஐ, 2022 முதல், அறிஞர் குழு ஒன்று கையில் எடுத்துச்செல்லத்தக்க எக்ஸ்-கதிர்க் கருவியால் ஆராய்ந்தது. 1787 முதல் 1880 வரை மாண்ட அக்குழந்தைகளின் மேல் கத்தி வைப்பதில்லை என்பது அவர்கள் மேற்கொண்ட விரதம். அங்கே அந்த விரதம் மரியாதைக்குரியது. நேற்று இறந்த சிசுவின் விஷயத்தில் அதே மென்மை உண்மையை மூடிவிடக்கூடும். இங்கே எலும்பை எடுத்து, அறுத்து, திசுவைப் பார்த்தே ஆகவேண்டும்.

திசுவில் என்ன தெரிகிறது? எலும்பு முறியும் கணத்தில், அதற்குள்ளும் அதைப் போர்த்திய உறையிலும் ஓடும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அறுந்து, இரத்தம் கசிந்து, உறைந்து, முறிவின் இடுக்கை நிரப்புகிறது. முதற்சில மணி நேரம் வரை இவ்வளவே; உடல் இன்னும் விடை கூறத் தொடங்கவில்லை. முதல் நாள் முடிவதற்குள் வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. இரண்டு மூன்று நாட்களில், சிதைந்ததை விழுங்கி அகற்றும் பெருவிழுங்கி அணுக்கள் பெருகி, சிவப்பணுக்களைத் தம்முள் வாங்கிச் சிதைக்க, அவற்றிலிருந்த இரும்பு பழுப்பு மணிகளாக மிஞ்சுகிறது. ஹீமோசிடரின் எனப்படும் அம்மணிகள் பெர்ல்ஸ் சாயம் இட்டவுடன் நீலமாக ஒளிரும். அதே வேளையில், எலும்புறையின் உட்படலத்தில் அதுவரை தட்டையாக உறங்கிக்கிடந்த உயிரணுக்கள் பருத்துப் பெருகத் தொடங்குகின்றன. முதல் வாரம் நிறைவதற்குள்ளாகவே, சிசுக்களில் பெரியோரைவிட விரைவாக, முறிவின் விளிம்பிலிருந்து சற்றே தள்ளி, தூக்கி நிற்கும் உறையின் கீழ், சுண்ணாம்பு ஏறாத இளம் எலும்பின் மெல்லிய இழைகள் பின்னலாக எழுகின்றன. முறிவுக்கு மிக அருகில், அசைவு மிகுந்து இரத்தம் குறைந்த இடத்திலோ, அவ்விழைகளுக்குப் பதிலாகக் குருத்தெலும்பு தோன்றுகிறது. மூச்சு விடுந்தோறும் அசையும் விலாவில் இது மிகுதி. இரண்டாம் வாரத்தில் சுண்ணாம்பு ஏறுகிறது. எக்ஸ்-கதிர் அப்போதுதான் விழித்துக்கொள்கிறது. மூன்றாம் வாரமளவில் இரு முனைகளையும் பாலம் இணைக்கிறது. அதன்பின் மாதக்கணக்கில், எலும்பைக் கரைக்கும் அணுக்கள் அந்த அவசரப் பின்னலை அரித்தெடுக்க, ஒழுங்கான அடுக்கெலும்பு அவ்விடத்தை நிரப்புகிறது. சிசுவின் எலும்பு வளர்ந்துகொண்டே இருப்பதால், சில மாதங்களில் முறிவு இருந்த தடமே அழிந்துபோவதும் உண்டு.

மேலே நான் சொன்ன நாட்கள் ஏறத்தாழச் சொன்னவை. கடிகாரத்தின் முட்களாக அவற்றை யாரும் கொள்ளலாகாது. காலநிர்ணயம் என்பது இவற்றுள் ஒன்றைப் பிடித்து நாளைச் சொல்லிவிடும் வித்தை அன்று. ஒரு முறிவில் எந்த மாறுதல்கள் வந்துவிட்டன, எவை இன்னும் வரவில்லை என்று இரண்டு பட்டியல்களை நிபுணர் தயாரிக்கிறார். வந்துவிட்டவற்றுள் மிகத் தாமதமாக வரக்கூடியது எதுவோ அது, முறிவுக்குக் குறைந்த பட்சம் இத்தனை நாள் ஆகிவிட்டது என்னும் கீழெல்லையைத் தருகிறது. வந்திருக்க வேண்டியவற்றுள் இன்னும் வராதது எதுவோ அது, இத்தனை நாளுக்கு மேல் ஆகவில்லை என்னும் மேலெல்லையைத் தருகிறது. இவ்வாறு வரிசைப்படுத்தி எல்லை காணும் ஒரு முறையை, காலம் தெரிந்த நூற்றுக்கு மேற்பட்ட சிசு முறிவுகளின் திசுக்களை ஆராய்ந்து, அனி நக்வி, எம்மா ரெய்னர், டோனி ஃப்ரீமான்ட் என்னும் பிரிட்டிஷ் அறிஞர்கள் 2019 இல் வெளியிட்டனர். அதுவரை பெரியோரிடத்தும் பிராணிகளிடத்தும் கண்ட கணக்கையே சிசுக்களுக்கும் பொருத்தி வந்த நிலையில், அவர்களுடைய முயற்சி பெரும் உபகாரம்.

இவ்விரண்டு எல்லைகளும் சமமான உறுதி உடையவை அல்ல. இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது இந்த ஒரு விஷயமே. இதனைச் சற்று விரித்துரைக்க வாசகர் அனுமதிக்க வேண்டும். இளம் எலும்பின் பின்னல் ஒரு சீவலில் தெளிவாகத் தெரிந்துவிட்டால், அது இருக்கிறது. அது உருவாகச் சில நாட்களேனும் கழிந்திருக்க வேண்டும். எந்தக் குறுக்கு விசாரணையாலும் அந்த நாட்களைச் சுருக்க முடியாது. ஆனால் அப்பின்னல் தெரியவில்லை என்றால், அது இல்லை என்று பொருளா, அல்லது நாம் அறுத்த சீவலில் அகப்படவில்லை என்று மட்டுமே பொருளா? ஒட்டுத்திரள் முறிவைச் சுற்றி ஒரே சீராகத் திரள்வதில்லை. ஒருபுறம் தடித்தும் மறுபுறம் வெறுமையாகவும் இருக்கும். நோயாலோ, ஊட்டக் குறைவாலோ, இரத்த ஓட்டம் தளர்ந்ததாலோ ஆறுதல் பின்தங்கியும் இருக்கலாம். ஆகவே, இத்தனை நாளாவது ஆயிற்று என்பது பாறை மேல் நிற்கும் வாக்கு. இத்தனை நாளுக்கு மேல் ஆகவில்லை என்பது மணல் மேல் நிற்கும் வாக்கு.

இதன் விளைவு நியாயஸ்தலத்தில் பெரியது. இறப்பதற்கு முந்திய ஒரே நாள் மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஒருவர் மீது குற்றம் சாட்டப்படும்போது, முறிவில் சுண்ணாம்பேறிய பின்னல் எலும்பு காணப்பட்டால், அம்முறிவைப் பொறுத்த மட்டில் அவர் குற்றமற்றவர் என்று நிபுணர் தயங்காமல் சொல்லலாம். அதே முறிவில் எவ்வித எதிர்வினையும் காணப்படாவிட்டால், அவரே முறித்தார் என்று சொல்வதற்குத் திசு அதே அளவு துணை நிற்பதில்லை. குற்றத்தைச் சுமத்துவதைக் காட்டிலும் குற்றமற்றவரை விடுவிப்பதிலேயே இக்கலை வலிமை உடையது என்பது நான் இதனைப் பயின்று கண்ட உண்மை. காவல்துறையினரோ வேறொன்றை எதிர்பார்த்து, முறிந்த வேளையைச் சுட்டிக்காட்டும் விரலாக இதனை நாடுகின்றனர். அவ்வெதிர்பார்ப்புக்கு வளைந்துகொடுக்கும் அறிக்கை அறிக்கையாகாது.

நான் இப்போது சொன்ன விடுதலைக்கும் ஒரு பெரிய விலக்கு உண்டு. சிசுவின் விலா பெரும்பாலும் ஒருமுறை மட்டும் முறிவதில்லை. மார்பை இரு கைகளாலும் பற்றி நெரிக்கும்போது, முதுகெலும்போடு விலா பொருந்தும் பின்புறத்தில், முள்ளெலும்பின் பக்க முனை நெம்புகோலின் தாங்கியாக அமைய, விலாவின் கழுத்து முறிகிறது. மூன்று வாரம் கழித்து அதே கைகள் அவ்வாறே நெரித்தால், திரண்டு வந்த ஒட்டுத்திரளின் ஊடாகவே எலும்பு மீண்டும் முறியும். அங்கே நுண்ணோக்கி ஒரே இடத்தில் இரண்டு காலங்களைக் காட்டுகிறது: சுண்ணாம்பேறிய பழைய பின்னல், அதனைக் கிழித்து ஓடும் புதிய பிளவு, பிளவில் இன்னும் சிதையாத சிவப்பணுக்கள், சுற்றிலும் முன்னைய கசிவின் நினைவாக நீலச் சாயம் ஏற்ற இரும்பு மணிகள். அவசரமாகப் பார்ப்பவர் பழைய பின்னலை மட்டும் கண்டு, மூன்று வாரத்து முறிவு என்று எழுதிவிட்டால், நேற்றைய கை தப்பித்துக்கொள்ளும். புதிய இரத்தத்தை மட்டும் கண்டு, நேற்றைய முறிவு என்று எழுதிவிட்டால், மூன்று வாரத்துக்கு முந்திய கை மறைந்துபோகும். இரண்டையும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி எல்லை குறித்து எழுதுவதற்கு, எலும்பு நோய்க்குறியியலில் ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும்.

எல்லா எலும்பும் ஒரே விதமாகவும் ஆறுவதில்லை. மண்டையோட்டில் விலாவில் போன்ற ஒட்டுத்திரள் திரள்வதில்லை. அங்கே நாட்கணக்கு மிகவும் சிரமம். கைகால் எலும்புகளின் வளர்முனையில், குருத்தெலும்பை ஒட்டிய மிக இளம் எலும்பில் தட்டாக ஓடும் நுண்முறிவுகளை, எக்ஸ்-கதிர்ப் படத்தையும் திசுவையும் ஒப்பிட்டு 1986 இல் பால் கிளைன்மன் விளக்கினார். அவ்விடத்தில் எலும்புறையின் எதிர்வினை பல சமயம் எழுவதே இல்லை. வளர்முனையின் குருத்தெலும்பு இயல்பாக எலும்பாக மாறாமல் நாக்குப் போல் உள்ளே நீண்டு நிற்பதே அடையாளம். இதற்கு நாள் குறிக்க முற்படுவோர் மிக அடக்கமாகவே பேசவேண்டும்.

பரிசோதனைச் சாலையில் நேரும் தவறுகளும் உண்டு. எலும்பைச் சீவுவதற்கு முன் அதிலுள்ள சுண்ணாம்பை நீக்க வேண்டும். வலிய அமிலத்தில் இட்டால் வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும், ஆனால் சுண்ணாம்போடு இரும்பும் கரைந்து, நீலம் ஏற வேண்டிய இடம் வெறுமையாக நிற்கும். மூன்று நாள் கழிந்த முறிவு ஒரு நாள் முறிவாகத் தோன்றிவிடும். இ.டி.டி.ஏ. என்னும் மென்மையான திரவத்தில் வாரக்கணக்கில் ஊறவைப்பதே உத்தமம். முறிவைக் குறுக்கே வெட்டினால் இரு முனைகளின் உறவும் தெரியாது. எலும்பின் நீளவாக்கில், அடுத்தடுத்துப் பல சீவல்களாக எடுக்கவேண்டும். சுண்ணாம்பு நீக்காத ஒரு பகுதியையும் தனியே பதப்படுத்தி வைத்தால், சுண்ணாம்பு எங்கே ஏறியது என்பதை நேரில் காணலாம். சந்தேகத்துக்குரிய எலும்பைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு காரியம்: மிலான் நகரத்துக் கிறிஸ்தினா கத்தானேயோவும் அவருடைய குழுவினரும் பன்றிக்குட்டிகளைக் கொண்டு செய்த சோதனையில், வழக்கமான பிரேத பரிசோதனையும் எக்ஸ்-கதிர்ப் படமும் பல முறிவுகளைத் தவறவிட்டன, தசையை முழுதும் நீக்கி எலும்பை வெறுமையாகப் பார்த்தபோதே எல்லாம் தெரிந்தன.

எலும்பு எளிதில் முறியும் நோய்களையும் முதலில் விலக்கவேண்டும். பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய், கணைச்சூடு என்று நம்மவர் பெயரிட்டு அஞ்சும் நிலைகளுள் சிலவற்றில் மறைந்திருக்கக்கூடிய எலும்பு மென்மையாகும் நோயான ரிக்கெட்ஸ், ஸ்கர்வி, பிறவி மேகநோய் (சிஃபிலிஸ்), குறைமாதப் பிறப்பால் வரும் எலும்பு நலிவு ஆகியன அவற்றுள் முக்கியமானவை. திசு இங்கேயும் உதவுகிறது. ரிக்கெட்ஸில் வளர்முனை கலைந்திருப்பது நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும்.

இனி, இத்துறையின் அடித்தளத்திலேயே உள்ள ஒரு விரிசலைச் சொல்லவேண்டும். காலம் தெரிந்த முறிவுகளைக் கொண்டுதான் அட்டவணை அமைக்கிறோம். அந்தக் காலம் நமக்குத் தெரிந்தது எவ்வாறு? பல சமயங்களில் குழந்தையைத் துன்புறுத்தியவரின் வாக்குமூலத்தாலும், அல்லது நியாயஸ்தலத்தின் தீர்ப்பாலும். அந்தத் தீர்ப்புக்கு மற்றொரு நிபுணரின் நாட்கணக்கே ஆதாரமாக இருந்திருந்தால், நாம் அட்டவணையைக் கொண்டு அட்டவணையையே மெய்ப்பிக்கிறோம்; கயிறு தன்னையே சுற்றிக்கொள்கிறது. சாட்சிகள் பலர் கண்ட வாகன விபத்து, உயிர் மீட்க மருத்துவர் மார்பை அழுத்திய வேளை, பிரசவ முறிவு ஆகிய சிலவே இந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவை. உயிர் மீட்புக்காக அழுத்திய பின் குழந்தை சில மணியில் இறந்துவிடுமாயின், அம்முறிவு முதற்படியை மட்டுமே கற்பிக்கும். மேலும், முறிவுக்கும் இறப்புக்கும் இடையே உயிர் வாழ்ந்த காலத்தையே திசு அளக்கிறது என்பதையும், இறந்த கணத்தில் அக்கடிகாரம் நின்றுவிடுகிறது என்பதையும், செயற்கைச் சுவாசத்தில் பல நாள் கிடந்த குழந்தையில் அது எவ்வேகத்தில் ஓடியது என்பது தனிக் கேள்வி என்பதையும் மறக்கலாகாது.

இத்தாலியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 360 ஆம் பிரிவு, ஒருமுறை செய்தபின் மீண்டும் செய்ய இயலாத தொழில்நுட்பப் பரிசோதனை எதுவாயினும், குற்றம் சாட்டப்படக்கூடியவருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் முன்கூட்டியே அறிவித்து, அவர்கள் தம் நிபுணரை உடன் வைத்துக்கொள்ள இடமளிக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் நிபுணரின் அபிப்பிராயத்தை ஏற்கும் விதி, பழைய சாட்சியச் சட்டத்தின் 45 ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 39 ஆம் பிரிவாக விளங்குகிறது. எதிர்த்தரப்பு நிபுணர் மேசையருகே நிற்கும் உரிமையை அது தருவதில்லை. இத்தாலிய ஏற்பாட்டை நாமும் மேற்கொள்வது நலம் என்பது என் துணிபு. மெழுகில் பதித்த திசுத்துண்டுகள் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். ஆனால் எந்த எலும்பை எடுப்பது, எங்கே அறுப்பது என்னும் முடிவு ஒருமுறைதான் எடுக்கப்படுகிறது.

நிபுணரின் அறிக்கைக்கு என்ன மதிப்பு என்பதைப் பலெர்மோ இரத்தத்தால் அறிந்த ஊர். இங்கே சட்ட வைத்தியப் பேராசிரியராக இருந்த பாவ்லோ ஜக்கோனே, 1981 கிறிஸ்துமஸ் நாளில் பகேரியாவில் மாஃபியாக் கும்பல் நடத்திய கொலைகளின் வழக்கில், ஒரு கைரேகையைப் பற்றிய தம் அறிக்கையை மாற்றி எழுதும்படி வற்புறுத்தப்பட்டார், மறுத்தார், 1982 ஆகஸ்டு 11 ஆம் நாள் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். சர்வகலாசாலையின் ஆஸ்பத்திரி இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முறிவின் நாளைக் குறிக்கும் நிபுணருக்குத் துப்பாக்கி வருவது அரிது, வருவது வேறொன்று. நான்கு முதல் பத்து நாள் வரை என்று அவர் எழுதினால், திங்களா செவ்வாயா என்று வழக்கறிஞர் கேட்பார். இறந்த குழந்தையின் படத்தைக் காட்டி, இக்குழந்தைக்கு நீதி வேண்டாமா என்றும் கேட்பார். அந்தக் கேள்விக்கு மனம் இளகி ஒரு நாளைச் சொல்லிவிடும் மருத்துவர் கெட்டவர் அல்லர். ஆயினும் அவர் எழுதியது அறிக்கை அன்று, தம் விருப்பம்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிசு மரணங்களில் எலும்புத் திசு ஆய்வு அரிதாகவே நடைபெறுகிறது. பிணவறையில் ஒரு சிறு எலும்பைச் சரியாக எடுத்து, ஃபார்மலினில் இட்டு, எலும்பு நோய்க்குறியியல் அறிந்தவரிடம் சேர்ப்பதற்கு வேண்டிய ஒழுங்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் இல்லை. அதைவிடப் பெரிய குறை, நம் குழந்தைகளின் எலும்பு எந்த வேகத்தில் ஆறுகிறது என்பதற்கு நம்மிடம் சொந்தக் கணக்கு இல்லாமை. அக்கணக்கைத் தொடங்குவதற்குக் கத்தியும் வேண்டாம், இறப்பும் வேண்டாம். பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும்போது காறையெலும்பு முறிவதுண்டு. அது தானே ஆறிவிடும், தீங்கில்லை. அந்த முறிவின் நாள் மட்டுமன்று, மணியும் பிரசவ அறையின் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அதனை யாரும் மறைக்கவில்லை, மறைக்க ஒருவருக்கும் காரணமில்லை. பிறந்து பதினொரு நாளளவில் ஒட்டுத்திரள் தென்படாத காறையெலும்பு முறிவு பிரசவத்தில் நேர்ந்ததன்று என்னும் பயனுள்ள விதி, இத்தகைய குழந்தைகளைப் பார்த்துப் பார்த்தே மேனாட்டார் கண்டது. நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பிரசவ அறைகளில் தோள் தடவிப் பார்க்கும் செவிலி, எலும்பு நொறுங்கும் ஒலியை விரலடியில் உணர்ந்தவுடன் அதனைக் குறித்துவைத்து, தடுப்பூசிக்காகத் தாய் வரும் நாட்களில் அத்தோளை மறுபடியும் தடவி, மேடு என்று எழுந்தது, என்று கடினமாயிற்று, என்று தணிந்தது என்று அதே ஏட்டில் எழுதிவருவாரானால், பத்து ஆண்டுகளில் ஓர் அட்டவணை நம் கையில் இருக்கும். அதில் உள்ள நாட்களை எந்த வாக்குமூலத்திலிருந்தும் யாரும் கடன் வாங்கியிருக்க மாட்டார்கள்.